கைபேசி வழி மோசடியும் நாட்டின் சட்டங்களும்

தருமபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டத்திலுள்ள மாரண்டஹள்ளிப் பகுதியில் தக்காளி, கரும்பு, தென்னை, மா, ராகி, மல்பெரி ஆகியன சாகுபடி செய்யப்படுகின்றன. தக்காளி பாலக்கோடு மார்க்கெட்டிற்கும், கரும்பு சர்க்கரை ஆலைக்கும், பட்டுக்கூடு தருமபுரி அங்காடிக்கும் செல்கின்றன. முன்னாளில் விளைபொருள் விற்ற பணம் மடியில் வந்தது. அதைக் காக்கத் துணைக்கு ஓர் ஆளும் விழிப்பும் போதுமானதாக இருந்தது. இன்று அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. மானியமும், பயிர்க் காப்பீட்டுத் தொகையும், பிரதமரின் கிசான் திட்டத்தில் தவணைக்கு ரூ. 2,000 வீதம் ஆண்டுக்கு வரும் ரூ. 6,000மும் கணக்கிலேயே வரவாகின்றன. கணக்கின் சாவியோ நம் சட்டைப் பையிலிருக்கும் கைபேசியில் உள்ளது.

எனவே திருடனும் வழி மாற்றிக் கொண்டான். அவன் ஊருக்குள் வருவதில்லை. எங்கோ ஒரு மாநிலத்தில், சில சமயம் வேறொரு நாட்டில் அமர்ந்து கொண்டு, ஒரு பருவத்து உழைப்பைச் சில நிமிடங்களில் எடுத்து விடுகிறான். இவ்வாறு பணம் இழந்தவர்களுள் பலர், “நம் தவற்றினால்தானே போயிற்று, வெளியில் சொன்னால் வெட்கம்” என்று பேசாதிருந்து விடுகின்றனர். இது சரியன்று. ஏமாந்தவரை நம் நாட்டுச் சட்டம் குற்றவாளியாகக் கருதுவதில்லை. ஆனால் சட்டம் உதவ வேண்டுமாயின், நடந்ததை உடனே சொல்லியாக வேண்டும். சொன்ன நேரத்தை வைத்தே பல உரிமைகள் கணக்கிடப்படுகின்றன. இதனை உழவர் பெருமக்கள் அறிந்து கொள்ளும் பொருட்டு, இக்குற்றங்களை நம் சட்டங்கள் எவ்வாறு கையாளுகின்றன என்பது இங்கு விளக்கப்படுகிறது.

இணையவழிக் குற்றம் என்பது யாது?

கணினி, கைபேசி, இணையம் ஆகியவற்றைக் கருவியாகக் கொண்டு செய்யப்படும் குற்றங்கள் அனைத்தும் இணையவழிக் குற்றங்களாகும். காவல் நிலையத்தில் இவற்றைச் சைபர் கிரைம் என்பர். பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்தல், பிறருடைய ரகசிய எண்ணைத் திருடுதல், அரசு அலுவலர் அல்லது வங்கி மேலாளர் என்று பொய் சொல்லி ஏமாற்றுதல், படங்களை வெளியிடுவதாக மிரட்டிப் பணம் பறித்தல் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

பொருந்தும் சட்டங்கள்

இக்குற்றங்களுக்கென ஒரே ஒரு சட்டம் மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கீழ்க்கண்ட சட்டங்கள் சேர்ந்து செயல்படுகின்றன.

1. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. இது 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008இல் பெருமளவில் திருத்தப்பட்டு, அத்திருத்தங்கள் 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்தன. இத்திருத்தத்தின்போது கைபேசியும் பெயர் சொல்லியே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே கணினி இல்லாதவருக்கும் இச்சட்டம் காப்பளிக்கிறது.

2. பாரதிய நியாய சன்ஹிதா, 2023. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. எவை குற்றங்கள், அவற்றிற்கு என்ன தண்டனை என்பதை இது கூறும்.

3. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023. புகார், கைது, விசாரணை ஆகியவற்றின் நடைமுறையை வகுக்கும் சட்டம் இது.

4. பாரதிய சாக்ஷிய அதினியம், 2023. நீதிமன்றத்தில் எவை சான்றாகும் என்பதைக் கூறும். இவை இரண்டும் 2024 ஜூலை 1 முதலே நடைமுறையில் உள்ளன.

5. தொலைத்தொடர்புச் சட்டம், 2023. சிம் கார்டு தொடர்பான குற்றங்களுக்கு இதில் தண்டனை உண்டு.

இவற்றுடன் ரிசர்வ் வங்கி வகுத்துள்ள விதிகளையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். குற்றவாளியைத் தண்டிப்பது சட்டத்தின் வேலை. உங்கள் இழப்பில் வங்கிக்குப் பொறுப்பு உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் விதிகள் கூறுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

தக்காளி விற்ற பணம் ரூ. 40,000 உங்கள் கணக்கில் உள்ளதாகக் கொள்வோம். கிசான் திட்டத் தவணை நின்று விடாமலிருக்க இதனை அழுத்தவும் என்ற குறிப்புடன் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. இத்தகைய பொய்ச் செயலி குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு 2024இல் எச்சரிக்கை விடுத்துள்ளது. நீங்கள் அதனை அழுத்தியவுடன் செயலி கைபேசியில் பதிவாகிறது. குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்கிறது. அறியாமல் கொடுத்து விடுகிறீர்கள். அதன்பின் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் உங்களுக்கும் வருகிறது, திருடனுக்கும் போய்ச் சேருகிறது. பணம் வெளியேறுகிறது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ள குற்றங்களைப் பார்ப்போம்.

அரசுத் திட்டத்தின் பெயரில் நடித்துக் கைபேசி மூலம் ஏமாற்றியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறையும், ரூ. 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. உங்கள் ரகசிய எண்ணைத் திருடிப் பயன்படுத்தியது 66சி பிரிவின்கீழ் வரும். இதற்கும் அதே தண்டனைதான். உங்கள் அனுமதியின்றிக் கருவிக்குள் நுழைந்து செய்திகளை எடுத்தது 43, 66 ஆகிய பிரிவுகளின்கீழ் வரும். இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ. 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஏமாற்றிப் பணத்தைப் பெற்றது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு உரியது. பழைய சட்டத்தில் 420 என்று ஊரெல்லாம் அறிந்த பிரிவு இதுவேயாகும். ஒரு கும்பல் இதனைத் தொழிலாகவே செய்து வருமாயின், ஒருங்கிணைந்த குற்றம் பற்றிய 111ஆம் பிரிவும் பொருந்தக் கூடும். அதில் 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறையும், ரூ. 5 லட்சத்திற்குக் குறையாத அபராதமும் உண்டு.

இவ்வெண்களையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புகாரில் பிரிவு எண் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்; எந்தப் பிரிவு பொருந்தும் என்று பார்ப்பது காவல்துறையின் கடமை.

பணம் திரும்பக் கிடைக்குமா?

உழவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். திருடனுக்குச் சிறை கிடைப்பது ஒரு புறம் இருக்க, போன பணம் வந்தால்தான் அடுத்த போகத்திற்கு நாற்றும் உரமும் வாங்க இயலும்.

களவு போன பணம் உடனே ரொக்கமாக மாறி விடுவதில்லை. அது முதலில் ஒரு கணக்கிற்கும், அங்கிருந்து பிரிந்து வேறு பல கணக்குகளுக்கும் சென்று, இறுதியில் எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறது. இடையில் எந்தக் கணக்கில் இருந்தாலும் அதனைத் தடுத்து நிறுத்த இயலும். கையில் எடுத்த பிறகு தடுப்பது கடினம். பூச்சி தென்பட்ட அன்றே மருந்தடிப்பதற்கும் காய் துளைத்த பின் அடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இதிலும் உண்டு.

இதற்காகவே 1930 என்ற உதவி எண் நாடு முழுவதும் செயல்படுகிறது. 2021இல் 155260 என்ற எண்ணுடன் தொடங்கப்பட்ட இச்சேவை, பின்னர் எளிதில் நினைவில் நிற்கும் பொருட்டு 1930 என மாற்றப்பட்டது. இவ்வெண்ணை அழைத்தவுடன் உங்கள் பெயர், கைபேசி எண், வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, போன நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் பரிமாற்ற எண் இருக்கும். விவரங்கள் கணினியில் பதிவானவுடன் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் அங்கே இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். அடுத்த வங்கிக்குச் சென்று விட்டிருந்தால் தகவலும் அங்கே தொடர்ந்து செல்லும்.

அழைப்பின் முடிவில் ஒரு புகார் எண் தரப்படும். அதனைக் குறித்து வைத்துக் கொண்டு, அன்றே முழுப் புகாரையும் பதிவு செய்து விடுவது நலம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்யலாம். இயலாதவர்கள் காவல் நிலையத்தின் உதவியை நாடலாம். நிறுத்தி வைக்கப்பட்ட பணம் தானாக உங்கள் கணக்கிற்குத் திரும்பி விடாது என்பதையும் அறிய வேண்டும். பொதுவாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்து, ஆணை பெற்று, அதனை வங்கிக்குக் கொடுத்துப் பெற வேண்டும். எனவே புகார் எண்ணும் அதன் நகலும் மிகவும் இன்றியமையாதவை.

வங்கியின் பொறுப்பு எந்த அளவு?

1930க்குச் சொன்னால் வங்கிக்கும் சொன்னதாகி விடும் என்று இருந்து விடலாகாது. உங்கள் வங்கிக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு.

அனுமதியற்ற மின்னணுப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளர் எவ்வளவு இழப்பை ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விதி வகுத்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் விதிகள் வெளியாயின. அவற்றின் சாரம் வருமாறு:

தவறு வங்கியுடையதாயின் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. வங்கியும் நீங்களும் தவறு செய்யாமல், இடையில் வேறெங்கோ நேர்ந்த கோளாற்றினால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் முழுத் தொகையும் கிடைக்க வேண்டும். 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்கள் இழப்பு ஒரு வரம்பிற்கு உட்பட்டது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கிற்கு ரூ. 5,000, பிற சேமிப்புக் கணக்குகளுக்கு ரூ. 10,000 என அவ்வரம்பு வகுக்கப்பட்டது. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படியே தீர்வு கிடைக்கும்.

வாடிக்கையாளரே ஓ.டி.பி. எண்ணையோ பின் எண்ணையோ பிறருக்குச் சொல்லி விட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவருடைய இழப்பாகும். தெரிவித்த பிறகு போவது வங்கியின் இழப்பாகும். மேற்கூறிய ரூ. 40,000ஐயே எடுத்துக் கொள்வோம். ஓ.டி.பி. எண்ணை நீங்களே சொல்லி விட்டீர்கள். காலை 9 மணிக்கு ரூ. 20,000 போயிற்று. 9.20க்கு வங்கிக்குத் தெரிவித்து விட்டீர்கள். அதன் பிறகும் 9.40க்கு இன்னொரு ரூ. 20,000 போயிற்று. முதல் ரூ. 20,000 உங்கள் பொறுப்பு, இரண்டாவது ரூ. 20,000 வங்கியின் பொறுப்பு. மாலையில் வரப்பு வேலை முடித்து வந்து சொல்லலாம் என்று இருந்திருந்தால் முழுவதும் உங்கள் தலையிலேயே விழும். தம்மிடம் தவறு இருந்தாலும் உடனே தெரிவிப்பதால் பயன் உண்டு என்பதை இதிலிருந்து உணரலாம்.

வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் சுமையும் இவ்விதிகளின்படி வங்கியையே சாரும். தொகை வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தங்கள் கிளையில் கேட்டறிந்து கொள்ளவும். வங்கியின் உதவி எண் பாஸ் புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ இருக்கும். இணையத்தில் தேடி எடுத்த எண்ணை அழைக்கலாகாது. மோசடிக்காரர்கள் பொய் எண்களையும் அங்கே போட்டு வைத்துள்ளனர். வாயால் சொன்னதோடு நில்லாமல், கிளையில் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரையும் நேரமும் பெற்றுக் கொள்வது நல்லது. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இது பற்றிய விவரங்களை 14448 என்ற எண்ணில் அறியலாம்.

காவல் நிலையத்தில் புகார்

குற்றம் எங்கு நடந்தது என்பது இவ்வகைக் குற்றங்களில் எளிதில் தெரிவதில்லை. பணம் மாரண்டஹள்ளியில் போயிருக்கும். எடுத்தவன் வடமாநிலத்தில் இருப்பான். இதனால் புகாரை ஏற்க மறுக்க முடியாது. குற்றம் நடந்த இடம் எதுவாயினும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு வழியிலும் தகவல் தரலாம்; அவ்வாறு தந்தால் 3 நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வரும் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய வேண்டும் என 78ஆம் பிரிவு கூறுகிறது. தருமபுரி உள்படத் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் இதற்கெனத் தனிச் சைபர் குற்றக் காவல் நிலையங்களும் உள்ளன. உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்தாலும், மாவட்டத் தலைநகரில் கொடுத்தாலும் செல்லும். புகாரை ஏற்க மறுத்தால், அதன் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன் பின்னும் பயனில்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம். புலனாய்வின் நிலை பற்றி 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இச்சட்டம் வகை செய்துள்ளது.

சான்றுகளைக் காத்தல்

பணம் போன ஆத்திரத்தில் பலர் வாட்ஸ்அப் செய்திகளை அழித்து விடுகின்றனர். சிலர் கைபேசியையே முழுவதும் துடைத்து விடுகின்றனர். அது வழக்கின் வேரையே பிடுங்குவது போலாகும். மின்னணுப் பதிவுகளும் சான்றாகும் எனப் பாரதிய சாக்ஷிய அதினியம் ஏற்கிறது. அதன் 63ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழுடன் அவற்றைத் தாக்கல் செய்யலாம். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பாதுகாக்க வேண்டும்.

அ) வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகள்.
ஆ) மோசடிக்காரரின் கைபேசி எண், அழைத்த நாள், நேரம்.
இ) வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பப்பட்ட கோப்பு, படங்கள்.
ஈ) பாஸ் புத்தகத்தில் உரிய பக்கத்தின் நகல்.
உ) 1930இல் கிடைத்த புகார் எண், வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல்.

பொய்ச் செயலி ஏறியிருப்பதாக ஐயம் எழுந்தால் முதலில் கைபேசியின் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து 1930க்கும் வங்கிக்கும் பேச வேண்டும். செயலியை நீக்குவதைக் காவல்துறையினர் பார்த்த பிறகு செய்து கொள்ளலாம்.

இழப்பீடு பெறும் மற்றொரு வழி

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவில், குற்ற வழக்கினின்றும் வேறான ஓர் ஏற்பாடு உள்ளது. ரூ. 5 கோடி வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறையின் செயலாளர் தீர்ப்பளிக்கும் அலுவலராக நியமிக்கப்பட்டுள்ளார்.

இதற்கு வழிகாட்டிய வழக்கு தமிழ்நாட்டிலேயே நடந்தது. தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர், வங்கி அனுப்பியது போன்று வந்த பொய் மின்னஞ்சலை நம்பி விவரங்களைத் தந்து 2007இல் பணத்தை இழந்தார். வாடிக்கையாளரின் கவனக் குறைவே காரணம் என்று வங்கி வாதாடியது. வங்கியும் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியது என்று கண்ட தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர், அவருக்கு ரூ. 12.85 லட்சம் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். ஏமாந்தவர் ஒரு தவறு செய்து விட்டதனாலேயே அவருடைய உரிமை முற்றும் அற்றுப் போவதில்லை என்பதற்கு இது சான்றாகும். எனினும் இவ்வழியில் காலம் பிடிக்கும், மேல்முறையீடும் உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகி இலவச உதவி கோரலாம். இதற்கான உதவி எண் 15100.

கணக்கை இரவல் தராதீர்

களவு போன பணத்திற்கு இறங்கும் இடம் வேண்டும். அதற்காக மோசடிக் கும்பல்கள் சாதாரண மக்களின் வங்கிக் கணக்குகளை வாடகைக்குப் பிடிக்கின்றன. “உங்கள் பாஸ் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, ஒரு சிம் கார்டு ஆகியவற்றைக் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்” என்று ஆசை காட்டுவர். கலப்பையை இரவல் கொடுப்பது போல் கணக்கை இரவல் கொடுத்தல் கூடாது. காவல்துறை தேடி வரும்போது முதலில் அகப்படுபவர் கணக்கின் உரிமையாளரேயாவார். ஏமாற்றிப் பெற்ற பொருளை அறிந்தே வாங்கி வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். பொய் சொல்லி அல்லது ஆள் மாறாட்டம் செய்து சிம் கார்டு பெற்றால், தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ. 50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாத எண் இருப்பின் அங்கேயே முறையிடலாம்.

தவறே செய்யாத உழவருக்கும் ஒரு தொல்லை நேரக் கூடும். முன்பின் அறியாத வியாபாரி ஒருவர் தக்காளிக்கோ தேங்காய்க்கோ கணக்கில் பணம் போடுகிறார். அது களவுப் பணமாக இருந்து விட்டால், வேறு மாநிலக் காவல்துறையின் கோரிக்கையின்பேரில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். அப்போது அஞ்ச வேண்டியதில்லை. எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியில் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். சரக்கு விற்றதற்கான சீட்டு, எடைச் சீட்டு, வண்டி எண், வியாபாரியுடன் நடந்த உரையாடல் ஆகியவற்றை அந்தக் காவல் நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். ஐயத்திற்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக் கொண்டு, மற்றப் பணத்தைக் கையாள அனுமதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் ஆணையிட்டுள்ளது. ஆகவே புதிய வியாபாரியிடம் விற்கும்போது அவரது பெயர், ஊர், எண் ஆகியவற்றைக் குறித்து, சீட்டுப் போட்டே விற்க வேண்டும். ஒருவர் கொடுக்கும் விலைக்கு வேறொருவர் கணக்கிலிருந்து பணம் வருமாயின் காரணம் கேட்க வேண்டும்.

‘டிஜிட்டல் கைது’ என்பது உண்டா?

காவல்துறை உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றி, “உங்கள் ஆதார் எண்ணில் போதைப் பொருள் பார்சல் வந்துள்ளது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு வெளியே செல்லக் கூடாது” என்று மிரட்டுவார். நம் நாட்டின் எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு கைது இல்லை. கைது என்பது நேரில் செய்யப்படுவது. கைதுக்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22ஆவது உறுப்பும் இவ்வுரிமைகளைக் காக்கிறது. வழக்கிலிருந்து விடுவிக்கப் பணத்தை ஒரு கணக்கிற்கு அனுப்பச் சொல்லும் அதிகாரம் எந்தக் காவல் அலுவலருக்கும் கிடையாது. இவ்வகை மோசடி பெருகியதால், 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகளை மத்திய புலனாய்வுத் துறை விசாரிக்குமாறு ஆணையிட்டது. இத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்து விட்டு, வீட்டாரிடம் சொல்லி, 1930க்குத் தெரிவிக்க வேண்டும்.

கடன் செயலிகளும் மிரட்டலும்

ஈடின்றி ஐந்து நிமிடத்தில் கடன் என்று கூறும் செயலிகளில் சில, கைபேசியிலுள்ள படங்களையும் உறவினர் எண்களையும் எடுத்துக் கொள்கின்றன. பின்னர் படங்களைத் திரித்து வெளியிடுவதாக மிரட்டிப் பன்மடங்கு பணம் கேட்கின்றன. கடன் வாங்கியவர் என்பதனால் மிரட்டலைப் பொறுத்துக் கொள்ள வேண்டியதில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஆபாசமானவற்றை மின்னணு வழியில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் முதல் முறை 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 5 லட்சம் வரை அபராதமும் தரத்தக்கது.

பெண்கள் இதில் தயக்கமின்றிப் புகார் செய்யலாம். ஒரு பெண்ணைப் பற்றி இணையத்தில் இழிவான செய்திகளைப் பரப்பிய ஒருவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் 67ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. புகார் கொடுத்த சுமார் ஏழு மாதங்களில் அத்தீர்ப்பு வந்தது. இச்சட்டத்தின்கீழ் நாட்டில் கிடைத்த தொடக்ககாலத் தண்டனைகளுள் அது முக்கியமானது.

குற்றவாளி வெளிநாட்டில் இருந்தால்?

இந்தியாவிலுள்ள கணினி அமைப்பைத் தொடும் குற்றத்தை வெளிநாட்டிலிருந்து செய்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பொருந்தும் என 75ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் வேறு நாட்டிலுள்ளவரைப் பிடித்துக் கொண்டு வருவது எளிதன்று. இக்காரணத்தால்தான் பணம் நாட்டிற்குள் இருக்கும்போதே நிறுத்துவதற்கு முதலிடம் தரப்படுகிறது.

நம் பிள்ளைகளும் இவ்வலையில் சிக்குகின்றனர். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு மோசடி வேலை செய்ய வற்புறுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்டுக் கொண்டு வரப்பட்டனர். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புமுன், முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று விசாரித்தறிய வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஓ.டி.பி. எண்ணையும் பின் எண்ணையும் எவரிடமும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை.
2. வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் திறக்கக் கூடாது. கிசான் திட்ட ஐயங்களை 155261 என்ற எண்ணிலோ வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டறியலாம்.
3. பணம் போனால் முதலில் 1930, உடனே வங்கி, அன்றே எழுத்து மூலம் புகார்.
4. செய்திகளை அழிக்கக் கூடாது. புகார் எண்ணைத் தொலைக்கக் கூடாது.
5. கணக்கையும் சிம் கார்டையும் எவருக்கும் இரவல் தரக் கூடாது.
6. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரை நம்பக் கூடாது. அதுவும் ஒரு மோசடியே.

1930 என்ற எண்ணையும், வங்கிக் கிளையின் எண்ணையும், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைத்தால், வீட்டுப் பெரியவர் பதறி நிற்கும் வேளையில் அவர்கள் அழைத்துப் பேசுவார்கள். உழவர் பெருமக்கள் இம்முறைகளைக் கைக்கொண்டு, அக்கம் பக்கத்தாருக்கும் எடுத்துக் கூறி, தம் உழைப்பின் பயனைக் காத்துக் கொள்வார்களாக.